கீட்டோன் ஏறியிருந்தபோது எடுத்த ரிப்போர்ட்டில் கார்னிடைன் குறைவு, சிரப் கொடுக்கலாமா?

மலையடிவாரம்:

எல்லாருக்கும் வணக்கம். அக்கா பெண்ணுக்கு 11 வயது, டைப் 1 சர்க்கரை, சில வருடங்களாக இன்சுலின் போடுகிறாள். போன மாதம் காய்ச்சலும் வாந்தியும். சாப்பிடவே இல்லையே, ஊசி போட்டால் லோ ஆகிவிடுமே என்று பயந்து வீட்டில் இன்சுலினை நிறுத்திவிட்டார்கள். மறுநாள் ராத்திரி மூச்சு இழுத்து இழுத்து வாங்குகிறாள், வாயில் அழுகின பழம் மாதிரி ஒரு வாடை. ஐசியூவில் சேர்த்தபோது ரத்தக் கீட்டோன் 5.8, கீட்டோஅசிடோசிஸ், அதாவது கீட்டோன் மிதமிஞ்சி ஏறி ரத்தமே அமிலமாகிவிட்டது என்றார்கள். டிரிப்ஸும் இன்சுலினும் ஏறி, பிள்ளை தேறி, இட்லி கேட்டு, இப்போது பள்ளிக்கூடமும் போகிறாள். அதில் இனி கேள்வி இல்லை.

கேள்வி என்னவென்றால், சேர்த்த அன்று ராத்திரியே எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு தடிமனான தாளில் ரத்தப் பொட்டு வைத்து வெளி லேபுக்கு அனுப்பியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் வந்தது. ‘சி0’ என்று ஒரு வரி, ஃப்ரீ கார்னிடைன், அதற்குக் கீழ்நோக்கி அம்புக்குறி. சி2, சி4-ஓஹெச் என்று இரண்டு வரிகளுக்கு மேல்நோக்கி அம்புக்குறி. அடியில் பொடி எழுத்தில், ‘ஸ்காட்’ (SCHAD) என்ற என்சைம் குறைபாட்டை விலக்க முடியவில்லை, மறுபடி பரிசோதிக்கவும் என்று குறிப்பு. அக்கா அந்த வரியைப் படித்ததிலிருந்து தூங்கவில்லை.

சொந்தத்தில் மருந்துக் கடை வைத்திருக்கும் ஒருவர், நீங்கள் சுத்த சைவம், கறி மீன் தொடுவதில்லை, அதனால்தான் கார்னிடைன் இல்லை, அது இல்லாததால்தான் கீட்டோன் ஏறியது என்று அடித்துச் சொல்லி ஒரு பாட்டில் எல்-கார்னிடைன் சிரப்பும் எடுத்துக் கொடுத்துவிட்டார். டாக்டரைப் பார்க்க அடுத்த வாரம்தான் முறை. அதுவரை கொடுக்கலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இரும்புக்கை:

கொடுங்க பாஸ், ஒண்ணும் ஆகாது. கார்னிடைன் உடம்பிலேயே இருக்கும் பொருள்தான். கொழுப்பை எரிக்க அதுதான் வேணும். நான் ஜிம்முக்கு முன்னாடி தினமும் 2 கிராம் எடுக்கிறேன், அதுவும் கீட்டோ டயட்டில் இருந்துகொண்டே. ரிப்போர்ட்டில் குறைவு என்று வந்தால் ஊற்றிக் கொடுப்பதுதானே நியாயம், இதற்கு எதற்கு ஒரு வாரம் காத்திருக்கணும்?

செல்லறை:

பாட்டிலைத் திறக்க வேண்டாம், ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள். நான் வைத்தியம் பார்ப்பவன் இல்லை, உயிர்வேதியியல் பாடம் எடுப்பவன், இந்த ஒரு மூலக்கூறோடு ரொம்ப காலம் மாரடித்திருக்கிறேன். மருந்துக் கடைக்காரர் சொன்னது அப்படியே தலைகீழ். கார்னிடைன் இல்லாததால் கீட்டோன் ஏறாது, கார்னிடைன் இல்லாவிட்டால் கீட்டோன் உண்டாவதே கஷ்டம்.

ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள். இன்சுலின் இல்லாதபோதும் சரி, பட்டினி கிடக்கும்போதும் சரி, உடம்பின் கொழுப்புக் கிடங்கிலிருந்து கொழுப்பு அமிலங்கள் ரத்தத்தில் இறங்கி ஈரலுக்கு வருகின்றன. அங்கே அவை எரிய வேண்டிய இடம் மைட்டோகாண்ட்ரியா. ஆனால் நீளச் சங்கிலிக் கொழுப்பு அமிலம் அதன் உள்சவ்வைத் தானாகத் தாண்ட முடியாது, கார்னிடைனோடு சேர்ந்தால்தான் உள்ளே போகும். சேர்த்துவிடும் என்சைம் பெயர் சிபிடி-1. சாப்பிட்டு இன்சுலின் நன்றாக இருக்கும்போது ஈரல் மலோனைல் கோ-ஏ என்று ஒன்றைத் தயாரிக்கும், அது இந்தச் சிபிடி-1ஐ அமுக்கிப் பிடித்திருக்கும், அதாவது புதுக் கொழுப்பு கட்டும் நேரத்தில் பழைய கொழுப்பு எரியாமல் பார்த்துக்கொள்ளும். டல்லாஸில் மெக்காரி, ஃபாஸ்டர் இருவரும் 1977இல் இதைக் காட்டினார்கள், என்னைக் கேட்டால் மொத்த விஷயத்துக்கும் சாவியே அதுதான். இன்சுலின் விழுந்து, அதற்கு எதிராக வேலை செய்யும் குளுக்ககான் என்ற ஹார்மோன் ஏறினால் மலோனைல் கோ-ஏ குறையும், பிடி விடும், கொழுப்பு அமிலம் மளமளவென்று உள்ளே போகும், அது உடைந்து அசிட்டைல் கோ-ஏ என்ற துண்டுகளாகும், எரித்துத் தீர்க்க முடியாததை எல்லாம் ஈரல் கீட்டோனாக மாற்றி வெளியே தள்ளும். உங்கள் மருமகளுக்குக் கீட்டோன் 5.8 வரை போனது என்றால் அவளுடைய கார்னிடைன் வழி நன்றாகவே வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம்.

அப்படியானால் ரிப்போர்ட்டில் ஏன் குறைவு? அங்கே குறைந்திருப்பது ‘ஃப்ரீ’ கார்னிடைன், அதாவது எதோடும் சேராமல் தனியாகத் திரிவது. கீட்டோசிஸின்போது செல்லுக்குள் அசிட்டைல் கோ-ஏ குவிந்துபோகும், அந்தத் துண்டைச் சுமக்கும் கோ-ஏ முழுக்க அதிலேயே மாட்டிக்கொண்டால் மற்ற வேலைகள் நின்றுவிடும். அதனால் வேறொரு என்சைம் அந்த அசிட்டைலைக் கார்னிடைன் மேல் மாற்றி வைத்துவிட்டுக் கோ-ஏவை விடுவிக்கும். அப்படி உண்டாகும் அசிட்டைல்கார்னிடைன் செல்லை விட்டு ரத்தத்துக்கு வரும். அதுதான் உங்கள் ரிப்போர்ட்டில் சி2. கையில் உள்ள ரொக்கம் குறைந்து வெளியே கொடுத்த கடன் கூடியிருக்கிறது, அதற்காகச் சொத்தே போய்விட்டது என்று சொல்ல மாட்டோம் அல்லவா? மொத்தக் கார்னிடைன் எவ்வளவு, அதில் ஃப்ரீ எவ்வளவு, இப்படி ஏதாவது ஒட்டிக்கொண்ட ‘அசைல்’ எவ்வளவு என்று மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சாதாரணமாக அசைலுக்கும் ஃப்ரீக்கும் உள்ள விகிதம் 0.4க்குள் இருக்கும், கீட்டோசிஸில் அது எங்கேயோ போய்விடும்.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. கிளீவ்லேண்டில் ஜெனுத், ஹோப்பல் என்ற இருவர் 1979இல் சர்க்கரை நோயாளிகளுக்குக் கீட்டோசிஸ் வந்தபோது ரத்தத்தையும் சிறுநீரையும் அளந்து பார்த்து இதே படத்தைத்தான் எழுதினார்கள்: ஃப்ரீ குறைவு, சின்னச் சங்கிலி அசைல்கார்னிடைன் அதிகம், சிறுநீரிலும் அது கூடுதலாகப் போகிறது. பட்டினி கிடந்த ஆரோக்கியமான ஆட்களிடமும் திசை அதேதான். ஆகவே இதைச் சர்க்கரை நோயின் தனி அடையாளம் என்று சொல்ல முடியாது, இன்சுலின் தாழ்ந்து கொழுப்பு எரியும் எந்த உடம்பிலும் வரும். இன்சுலின் கொடுத்தால், சாப்பாடு உள்ளே போனால், திரும்பிவிடும்.

ரத்தத்தில் இப்படி இருக்க, ஈரலில் நடப்பது வேறு. பட்டினி போட்ட எலியிலும் சர்க்கரை நோய் உண்டாக்கிய எலியிலும் ஈரலின் கார்னிடைன் கூடுகிறது என்று மெக்காரி குழு 1975இலேயே எழுதிவிட்டது. செம்மறியாட்டில் சர்க்கரை நோய் உண்டாக்கினால் ஈரலில் அது பல மடங்கு ஏறும், ஆஸ்திரேலியாக்காரர்கள் ஆட்டை விட்டால் வேறு எதில் பார்ப்பார்கள்! ஒரே நேரத்தில் ரத்தத்தில் குறைந்தும் ஈரலில் நிறைந்தும் இருக்கும் ஒரு பொருளை, ரத்தப் பொட்டை மட்டும் பார்த்துப் பற்றாக்குறை என்று எப்படிச் சொல்வது? உடம்பிலுள்ள கார்னிடைனில் 95 சதவீதத்துக்கு மேல் எலும்புத் தசையிலும் இதயத்திலும் இருக்கிறது, ரத்தத்தில் ஓடுவது ஒரு சதவீதம்கூட இல்லை.

இனி அக்காவின் தூக்கத்தைக் கெடுத்த சி4-ஓஹெச். கீட்டோன்களில் முக்கியமானது பீட்டா ஹைட்ராக்சிபியூட்ரேட், நான்கு கார்பன், ஒரு ஹைட்ராக்சில். கீட்டோன் அவ்வளவு ஏறியிருக்கும்போது அதுவும் கார்னிடைனில் ஒட்டிக்கொள்கிறது. இயந்திரம் எடையை மட்டும் பார்த்து அதைச் சி4-ஓஹெச் என்று எழுதும். ஸ்காட் குறைபாட்டிலும் அதே வரிதான் ஏறும், லேப் தன் கடமைக்கு அந்தக் குறிப்பைப் போட்டிருக்கிறது. ஆனால் அந்தக் குறைபாடு உள்ள குழந்தைகளிடம் பெரும்பாலும் இன்சுலின் தேவைக்கு மேல் சுரந்து, சர்க்கரை இறங்கி, கீட்டோனும் வராமல் இருக்கும். உங்கள் வீட்டுப் பிள்ளையின் கதை அதற்கு நேர் எதிர். லேபுக்கு அனுப்பிய படிவத்தில் ‘கீட்டோஅசிடோசிஸில் எடுத்தது’ என்று யாராவது எழுதினார்களா என்று கேட்டுப் பாருங்கள். எழுதியிருந்தால் குறிப்பின் தொனியே மாறியிருக்கும்.

மலையடிவாரம்:

செல்லறை சார், கோடி நன்றி. அக்காவுக்குப் படித்துக் காட்டினேன், பாதி புரிந்தது என்றாள், அந்தப் பாதியே போதும். இரண்டு சந்தேகம். சிறுநீரில் கூடுதலாகப் போகிறது என்றீர்களே, அப்படியானால் போனது போனதுதானே, அதை ஈடுகட்ட வேண்டாமா? நாங்கள் சைவம் என்பதில் ஒன்றும் இல்லையா?

செல்லறை:

ஃப்ரீ கார்னிடைனைச் சிறுநீரகம் கிட்டத்தட்ட முழுக்கத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும், ஓசிடிஎன்-2 என்ற கடத்தி அதற்கென்றே இருக்கிறது. அசைல் ஆனவற்றை அவ்வளவு கெட்டியாகப் பிடிப்பதில்லை, அதனால் கீட்டோசிஸ் நாட்களில் கொஞ்சம் நழுவும். ஆனால் பெரிய ஆளின் உடம்பில் மொத்தம் 20 கிராம் அளவுக்குக் கையிருப்பு உண்டு, குழந்தைக்கும் எடைக்கு ஏற்றபடி இருக்கும். சில நாள் கீட்டோஅசிடோசிஸ் அதைக் காலி செய்துவிடாது. மாதக்கணக்கில் கட்டுப்பாடே இல்லாமல், திரும்பத் திரும்ப கீட்டோசிஸில் விழுந்து எழும் ஒருவர் என்றால் நான் இவ்வளவு அடித்துப் பேச மாட்டேன்.

சைவ விஷயம்: கறி சாப்பிடுபவர்களைவிட உங்கள் ரத்த அளவு சற்றுக் கீழே இருக்கலாம், அவ்வளவுதான். லைசின், மெத்தியோனின் என்ற இரண்டு அமினோ அமிலங்களிலிருந்து உடம்பே தயாரித்துக்கொள்ளும், கடைசிப் படி ஈரலிலும் சிறுநீரகத்திலும் நடக்கும், இரும்பும் வைட்டமின் சியும் வேண்டும். உணவில் குறைவாக வந்தால் சிறுநீரகம் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். இந்தப் பொருளை முதலில் இறைச்சிச் சாற்றிலிருந்து 1905இல் பிரித்தெடுத்தார்கள், அன்றிலிருந்து கறி என்றாலே கார்னிடைன் என்ற பேச்சு ஒட்டிக்கொண்டது. கோழிக்கறியிலேயே சொற்பம்தான், மாட்டிறைச்சியிலும் ஆட்டுக்கறியிலும்தான் அதிகம். பாலிலும் கொஞ்சம் இருக்கிறது.

உண்மையான பிறவிக் குறைபாடு என்று ஒன்று உண்டு, அந்த ஓசிடிஎன்-2 கடத்தியே பழுது. அவர்களுக்கு ஃப்ரீ கார்னிடைன் பெரும்பாலும் 5 மைக்ரோமோலுக்கும் கீழே போய்விடும், அசைலும் சேர்ந்தே குறையும். உங்கள் ரிப்போர்ட்டில் அது ஏறியிருக்கிறது, கவனியுங்கள். அந்தக் குழந்தைகள் பட்டினி கிடந்தால் சர்க்கரை விழும், கீட்டோனும் வராது. டென்மார்க்கைச் சேர்ந்த ஃபேரோ தீவுகளில் இது ஏறக்குறைய 300 பேரில் ஒருவருக்கு இருக்கிறது, இளவயதில் சிலர் திடீரென்று இறந்த பிறகு தீவு முழுக்க ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அவர்களுக்கு கார்னிடைன் உயிர் காக்கும் மருந்து, அதில் சந்தேகமே இல்லை.

நைட்டூட்டி:

குழந்தைகள் ஐசியூவில் வேலை பார்க்கிறேன், இது போன்ற ரிப்போர்ட்டைப் பிடித்துக்கொண்டு பதறி வரும் அம்மாக்களை நிறையப் பார்த்தாயிற்று. மலையடிவாரம் தம்பி, ஒன்று கேட்கணும்: பாப்பாவுக்கு வலிப்பு மாத்திரை ஏதாவது போகிறதா? வால்ப்ரோயேட் என்றால் அது தனியாகவே கார்னிடைனைக் குறைக்கும், அப்போது கணக்கு வேறு. பிவலிக் அமிலம் சேர்ந்த சில ஆன்டிபயாடிக்கும் அப்படித்தான். டாக்டரிடம் போகும்போது எல்லா மருந்துச் சீட்டையும் எடுத்துப் போங்கள்.

இன்னொன்றை, கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். இந்தக் கார்னிடைன் கதையில் மூழ்கி, பிள்ளை ஏன் ஐசியூவுக்கு வந்தாள் என்பதை வீட்டில் மறந்துவிடக் கூடாது. சாப்பிடாவிட்டாலும் டைப் 1 பிள்ளைக்கு அடிப்படை இன்சுலினை நிறுத்தவே கூடாது. காய்ச்சலில் தேவை கூடத்தான் செய்யும். சர்க்கரையைச் சில மணிக்கு ஒருமுறை பாருங்கள், கீட்டோன் பாருங்கள், வாய் வழியாகத் தண்ணீர் நிற்கவில்லை என்றால் உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள். முடிந்தால் ரத்தக் கீட்டோன் மீட்டர் வாங்கி வையுங்கள். சிறுநீர் ஸ்ட்ரிப் அசிட்டோஅசிட்டேட்டைத்தான் காட்டும், பீட்டா ஹைட்ராக்சிபியூட்ரேட்டைக் காட்டாது. சிகிச்சையில் தேறி வரும்போது பின்னது முன்னதாக மாறுவதால் ஸ்ட்ரிப் இன்னும் கரும் ஊதாவாகும், அதைப் பார்த்து அலறுவார்கள், பிள்ளை எழுந்து உட்கார்ந்து கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருக்கும்.

மலையடிவாரம்:

வலிப்பு மருந்தெல்லாம் இல்லை அக்கா. இன்சுலின் விஷயம் இப்போது எல்லாருக்கும் மண்டையில் ஏறிவிட்டது, ஃபிரிட்ஜ் கதவிலேயே எழுதி ஒட்டியிருக்கிறோம்.

இரும்புக்கை:

செல்லறை அண்ணே, எல்லாம் சரி, ஆனால் நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கீட்டோவில் இருக்கும் எனக்கும் ஃப்ரீ கார்னிடைன் குறைந்துதானே இருக்கும்? அப்போ நான் எடுக்கும் 2 கிராம் வீணில்லை, அந்தக் குறையை நிரப்புகிறது. கொழுப்பு இன்னும் வேகமாக எரியுமே.

செல்லறை:

உங்களுக்கும் கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்ந்திருக்கும், ஆமாம். ஆனால் கீட்டோ டயட்டில் ரத்தக் கீட்டோன் பெரும்பாலும் 0.5க்கும் 3க்கும் இடையில்தான் இருக்கும், ஐசியூ நிலை கிடையாது. கொழுப்பு எரியும் வேகத்தை நிர்ணயிப்பது சிபிடி-1 மேல் உள்ள பிடியும் தேவையும்தான், நல்ல உடம்பில் கார்னிடைன் அங்கே தட்டுப்பாடு ஆவதில்லை.

வேடிக்கை என்ன தெரியுமா? நீங்கள் விழுங்குவதில் பெரும்பகுதி குடலிலேயே நின்றுவிடும். மாத்திரையாக எடுத்தால் 14 முதல் 18 சதவீதம்தான் உள்ளே போகிறது. மிச்சத்தைக் குடல் பாக்டீரியா ட்ரைமெத்தில்அமீனாக மாற்றும், வியர்வையில் மீன் வாடை அடிக்கிறது என்று வீட்டில் யாராவது சொன்னார்களா? உள்ளே போனதும் தசைக்குள் நுழைய இன்சுலின் ஏறியிருக்க வேண்டும். நாட்டிங்ஹாமில் செய்து பார்த்தார்கள்: 2 கிராம் எல்-கார்னிடைன் டார்ட்ரேட் என்ற கார்னிடைன் உப்போடு 80 கிராம் மாவுச்சத்து, தினம் இரண்டு வேளை, 24 வாரம், அதற்கு அப்புறம்தான் தசையில் 21 சதவீதம் கூடியது. மாவுச்சத்தையே தொடாத நீங்கள் அதைக் குடித்தால் தசைக்கு எப்படிப் போகும்?

இரும்புக்கை:

மீன் வாடை சொன்னார்கள்ண்ணே. நான் புரோட்டீன் பவுடரைச் சந்தேகப்பட்டேன். டப்பா முடியட்டும், அப்புறம் வாங்கலை.

ஆறுநாள்விரதம்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு டைப் 2, வருடா வருடம் கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் பாலும் பழமும் மட்டும் எடுத்து விரதம் இருப்பேன். விரதத்தில் கார்னிடைன் குறையும் என்று படித்ததும் பயமாக இருக்கிறது. மெட்ஃபார்மினும் டாபாக்ளிஃப்ளோசினும் போடுகிறேன்.

நைட்டூட்டி:

அம்மா, கார்னிடைனை விடுங்கள், பாலும் பழமும் உள்ளே போனாலே கீட்டோன் அவ்வளவு ஏறாது. ஆனால் நீங்கள் கடைசியாக எழுதிய அந்த டாபாக்ளிஃப்ளோசின்தான் எனக்குப் பயம். அந்த வகை மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும், இன்சுலினும் தாழும், பட்டினியும் சேர்ந்தால் கீட்டோஅசிடோசிஸ் வரலாம். அதுவும் சர்க்கரை 250க்குக் கீழே இருக்கும்போதே வரும், மீட்டரைப் பார்த்து நன்றாகத்தானே இருக்கிறது என்று ஏமாந்து போவார்கள். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2015இலேயே எச்சரித்த விஷயம். ஆபரேஷன் என்றால் மூன்று நாள் முன்பே இதை நிறுத்தச் சொல்கிறோம். விரதத்துக்கு முன் உங்கள் டாக்டரிடம் போய், இத்தனை நாள் இப்படிச் சாப்பிடப் போகிறேன், எந்த மாத்திரையை நிறுத்தணும், எதைத் தொடரணும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். விரத நாளில் வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்கல் வந்தால் சர்க்கரை எவ்வளவு காட்டினாலும் கீட்டோன் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆறுநாள்விரதம்:

இதை யாருமே எனக்குச் சொன்னதில்லை. இந்த வாரமே போகிறேன்மா.

மலையடிவாரம்:

கடைசியாக ஒன்று. அதே பரிசோதனையைத் திரும்ப எடுக்கச் சொன்னால் எப்போது எடுப்பது? லேபில் போன் போட்டுக் கேட்டேன், எதற்கும் வெறும் வயிற்றில் கூட்டி வாருங்கள் என்கிறார்கள்.

செல்லறை:

வெறும் வயிற்றில் வேண்டாம், அதிலும் பிள்ளையைப் பட்டினி போட்டுக் கூட்டிப் போனால் பழைய படமே பாதியாவது திரும்ப வரும். காய்ச்சல் சளி இல்லாத நாளாக, சர்க்கரை ஓரளவு கட்டுக்குள் இருந்து கீட்டோன் இல்லை என்று பார்த்த பிறகு, வழக்கமான சாப்பாடும் இன்சுலினும் முடித்துக் கூட்டிப் போகலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். படிவத்தில் டைப் 1, இன்சுலின், கடைசியாகச் சாப்பிட்ட நேரம் மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். முக்கியமாக, அதற்கு முன்னால் அந்தச் சிரப்பை ஒரு ஸ்பூன்கூடக் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்தால் ஃப்ரீ கார்னிடைன் ஏறித்தான் காட்டும், பிள்ளையின் சொந்த அளவு என்ன என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

மலையடிவாரம்:

பாட்டிலைச் சீல் உடைக்காமல் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன் சார். முகம் கொஞ்சம் சுருங்கியது, ஆனால் பணத்தைக் கொடுத்துவிட்டார்.